பாட்டி சொன்ன கறுப்பு நாய் எந்த ஊர்க் கதை?

சிப்புட் டீச்சர்:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகுமுன் சில வருடம் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். 1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்ததே, அந்தச் சமயம். இரவானால் துரைசாணிக்கு நடுக்கம். பிள்ளைகளைத் தூங்கவைக்கும்போது தன் ஊர்க் கதை ஒன்றைச் சொல்வாராம். கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு கறுப்பு நாய். இருட்டில் தனியாகப் போகிறவர்களின் பக்கத்திலேயே நடந்து வரும், வீடு நெருங்கியதும் வேலிக்குள் புகுந்து மறையும்.

பாட்டிக்கு அந்தப் பாஷை அரைகுறைதான். ஆனாலும் நாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். விடிகாலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்குமுன் பேர் கூப்பிடும் இடத்துக்குப் போகும்போது பின்னால் காலடி கேட்கும் என்பார். புறப்படுமுன் விளிம்பு உடைந்த மங்கு ஒன்றில் கைப்பிடி பழைய சோற்றைப் போட்டு லயத்து வீட்டுப் பின்படியில் வைத்துவிட்டுப் போவார். நானே பார்த்திருக்கிறேன். முனியாண்டிக்கா பாட்டி என்று கேட்டால், "இது கப்பலேறி வந்தது, அதுக்குத் தனியா வைக்கணும்" என்பார்.

உண்மையிலேயே இங்கிலாந்தில் இப்படி ஒரு கதை உண்டா? எந்தப் பக்கத்துக் கதை? பாட்டி போய் முப்பது வருடம் ஆகிறது. அம்மாவுக்கும் வயதாகிவிட்டது. அதற்குள் தெரிந்துகொள்ள ஆசை.

தைப்பிங் வாசகன்:
உண்டு டீச்சர். கிழக்கு இங்கிலாந்தில், நார்ஃபோக், சஃபோக் பக்கம் அதற்கு பிளாக் ஷக் என்று பெயர். 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. பெரிய இடி மழைக்கு நடுவே பங்கே என்ற ஊர் தேவாலயத்தில் கறுப்பு நாய் ஒன்று பாய்ந்து, மண்டியிட்டிருந்த இருவரின் கழுத்தை முறித்ததாக ஆபிரகாம் ஃபிளெமிங் என்ற பாதிரியார் சிறு பிரசுரம் எழுதினார். அன்றே பிளைத்பரோ தேவாலயத்திலும் புகுந்ததாம். அங்கே வடக்குக் கதவில் கருகிய தடங்கள் இன்றும் இருக்கின்றன, ஊரார் அதை நாயின் நகக்கீறல் என்பார்கள். மின்னல் விழுந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் இந்த நாயைக் கண்டால் சாவு என்றுதான் அங்கே பேச்சு. உங்கள் பாட்டியின் நாய் துணைக்கு வருகிறதே, அதுதான் இடிக்கிறது.

கிள்ளான் நூலகர்:
டீச்சர், அந்தத் துரைசாணியின் ஊர் எப்படி இருக்கும் என்று பாட்டி ஏதாவது சொன்னாரா? ஒரு சின்ன அடையாளம் போதும்.

சிப்புட் டீச்சர்:
அம்மாவிடம் கேட்டேன். மலையே கிடையாதாம், தட்டுப் போல வயல்காடாம். எங்கே நின்றாலும் ஒரு தேவாலயக் கோபுரம் தெரியுமாம். அவ்வளவு உயரக் கோபுரத்துக்குக் 'கட்டை' என்று பேர் வைத்திருக்கிறார்களே என்று பாட்டி சிரிப்பாராம்.

கிள்ளான் நூலகர்:
அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம், லிங்கன்ஷர். அங்கே பாஸ்டன் ஊரின் புனித பொட்டோல்ஃப் தேவாலயத்தைத்தான் 'ஸ்டம்ப்' என்பார்கள், அதாவது வெட்டிய மரத்தின் அடிக்கட்டை. கோபுரம் 80 மீட்டருக்கும் மேல். சுற்றிலும் சதுப்பை வடித்து எடுத்த சமவெளி, அதனால் வெகு தூரத்துக்குத் தெரியும்.

நாய் விஷயத்துக்கு வருகிறேன். எதல் ரட்கின் என்ற அம்மையார் அந்த மாவட்டத்துக் கிராமங்களில் கேட்ட கறுப்பு நாய்க் கதைகளை 1938இல் ஒரு நாட்டார் வழக்காற்று இதழில் வெளியிட்டார். தானே அந்த நாயைக் கண்டதாகவும் சொன்னவர். லிங்கன்ஷர் நாய் யாரையும் கடிக்காது, கூடவே நடக்கும், வேலியில் ஏதோ ஓர் இடைவெளியில் மறைந்துவிடும். ஸ்கந்தோர்ப் பக்கம் இருட்டில் தனியாக வீடு திரும்பிய பெண் ஒருத்தியின் கதையும் உண்டு. வழியில் நின்ற ஆட்கள், இந்த நாய் மட்டும் கூட இல்லையென்றால் இவளை என்ன செய்திருப்போம் என்று பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து புருஷனைக் கூப்பிட்டு நாயைக் காட்டப் பார்த்தால், அது இல்லை.

உங்கள் பாட்டி எதையும் மாற்றிச் சொல்லவில்லை டீச்சர்.

சிப்புட் டீச்சர்:
கண் கலங்கிவிட்டது ஐயா. இத்தனை நாளும் பாட்டி காலபைரவரையும் துரைசாணி கதையையும் குழப்பிக்கொண்டார் என்றே நினைத்திருந்தேன். நேற்று ராத்திரி உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பெண் வீட்டுக்கு வரும் இடத்தில் என்னை நிறுத்திவிட்டு, "புருஷனைக் கூப்பிடுவா, நாய் இருக்காது" என்று அம்மாவே முடித்தார். பாட்டி சொன்னதில் மட்டும் அவள் தோளில் ரப்பர் பால் சுமக்கும் காண்டா வாளி இருந்ததாம்.