விடை வந்த பிறகுதான் சண்டையே: குறுக்கெழுத்து அனுபவங்கள்

கறுப்புக்கட்டம்:

குறுக்கெழுத்தில் விடையைப் பிடித்த பிறகும் "இது எப்படி வந்தது?" என்று மண்டை காய்ந்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொந்தமாகப் புதிர் கட்டுவார். சாப்பாட்டு மேஜையில் தாளை வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல நகர்ந்துவிடுவார். அதில் வந்த ஒரு குறிப்பு (அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை):

சூழ்ச்சிக்குள் மாட்டிய குதிரை, போய்ச்சேர்ந்தவர் இருக்கும் இடம் (3)

மற்ற விடைகளிலிருந்து முதல் கட்டத்தில் 'ச', கடைசிக் கட்டத்தில் 'தி' கிடைத்திருந்தது. போய்ச்சேர்ந்தவர் என்றால் செத்தவர்தானே, ஆகவே 'சமாதி'. எழுதியாயிற்று. சூழ்ச்சி என்றால் சதி, அதுவும் பொருந்துகிறது. நடுவில் இருக்கும் 'மா' எப்படிக் குதிரை ஆனது? 'மாட்டிய' என்பதன் முதல் எழுத்து என்றார் ஒருவர். அப்படியானால் குதிரைக்கு அங்கே என்ன வேலை? "விடைதான் வந்துவிட்டதே, விடுங்க சார்" என்றார் இன்னொருவர். எனக்கு இந்த 'விடுங்க' மட்டும் ஆகாது.

அன்று மாலை தமிழ் படித்த என் அத்தைக்குப் போன் போட்டேன். கேள்வியை முடிக்கக்கூட விடவில்லை. "குறுந்தொகை 17ஆம் பாட்டு, மாவென மடலும் ஊர்ப. காதல் கைகூடாதவன் பனைமடலைக் குதிரையாக்கி ஏறுவான். அங்கே மா என்றால் குதிரை, போடா" என்றார். 'மாட்டிய' என்பது எழுத்தைத் தரவில்லை, சதிக்கு நடுவே மாவை வை என்று கட்டளை தந்திருக்கிறது. அப்போதுதான் குறிப்பில் இருந்த ஒவ்வொரு சொல்லும் சம்பளத்துக்கு வேலை செய்திருப்பது தெரிந்தது.

லண்டன் அப்சர்வர் இதழில் ஸிமினீஸ் என்ற புனைபெயரில் புதிர் போட்ட மெக்நட் 1966இல் ஒரு நூல் எழுதினார். அவருடைய நெறியை அவருக்குப் பின் அதே இதழுக்கு வந்த ஏஸெட் சுருக்கிச் சொன்னார்: துல்லியமான பொருள் ஒன்று, நேர்மையான சொல்விளையாட்டு ஒன்று, வேறெதுவும் கூடாது. அந்த 'வேறெதுவும் கூடாது' என்பதில்தான் என் உயிர் இருக்கிறது. ஒரு சொல் மிச்சம் நின்றாலும் நான் விடையை ஒத்துக்கொள்வதில்லை.

மேலிருந்துகீழ்:

எனக்கு ஆங்கில இந்து நாளிதழில் வரும் புதிர்தான் பாலபாடம். என்னோடு போடும் தோழி ஒருத்தி, "தமிழுக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று அடித்துச் சொல்வாள். ஆங்கிலத்தில் 26 எழுத்து, உயிரும் மெய்யும் தனித்தனியாக நிற்கும், குலுக்கிப்போட்டால் ஏதாவது சொல் விழும். தமிழில் 247. 'கா' என்று ஒரு கட்டத்தில் எழுதிவிட்டால் அதிலிருந்து ஆகாரத்தைப் பிய்த்து வேறு கட்டத்தில் போட முடியாது. அவள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. எழுத்துக் குலுக்கல் தமிழில் அரிது. ஆனால் அரிதாகக் கிடைக்கும்போது எப்படி விழுகிறது பாருங்கள் என்று அவளுக்கு இதை அனுப்பினேன்:

குழம்பிப்போன நகரம், பாவிகளுக்கு ஒதுக்கிய இடம் (4)

அவள் அப்போது தாம்பரம் பக்கம் டிராஃபிக்கில் மாட்டியிருந்தாள். உடனே 'நரகம்' என்று பதில் வந்தது. விளக்கம் தேவைப்படவில்லை, அவளைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தது.

குலுக்கலுக்குப் பஞ்சம் என்றால் ஒளித்துவைப்பதற்குத் தமிழில் பஞ்சமே இல்லை. "மாதா மரைக்காயருக்குள் மலர்ந்த பூ (3)". இதைப் பார்த்துவிட்டு, மாதாவுக்கும் மரைக்காயருக்கும் என்ன உறவு என்று அரைமணி நேரம் யோசித்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். உறவெல்லாம் இல்லை ஐயா, இடைவெளியைத் தாண்டிப் படியுங்கள், மா-தாமரை-க்காயர் என்றேன். சிரித்துவிட்டு, "வீட்டுக்காரியிடம் நான் இதைக் கேட்கிறேன், நீ விடையைச் சொல்லிவிடாதே" என்றார்.

தீராத சண்டை ஒன்றும் இருக்கிறது. 'பூ', 'செடி' இரண்டையும் சேர்த்துப் 'பூச்செடி' என்று விடை வைத்தால், நடுவில் வந்த 'ச்' யார் கொடுத்தது? புணர்ச்சி விதி கொடுத்தது, அதற்குத் தனியாகக் குறிப்பு வேண்டாம் என்பது என் கட்சி. கறுப்புக்கட்டம் சார் நிச்சயம் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கறுப்புக்கட்டம்:

மாட்டேன்.

வலமிருந்துஇடம்:

வாரப் பத்திரிகைப் புதிர்களில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் போதாதென்று வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் வரும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் எனக்குத் திருப்பிப் படிக்கும் குறிப்புகள்தான் சுலபம். "வாயடைத்து நில், திரும்பிவந்தால் சிறையில் இருப்பவன் (2)" என்று பார்த்த உடனே 'திகை' கண்ணில் பட்டது, திருப்பினால் 'கைதி'.

என் அனுபவம் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியரோடு. தென்றல் மாத இதழில் வாஞ்சிநாதன் போட்ட புதிர்களைக் காட்டி, ஆங்கிலேயர் கலையைத் தமிழுக்கு எவ்வளவு அழகாகக் கொண்டுவந்திருக்கிறார் பாருங்கள் ஐயா என்றேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், எழுந்துபோய் அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தை எடுத்துவந்தார். அதில் எழுத்து வித்தை காட்டும் செய்யுள்களான சித்திரகவி வகைகளில் 'வினாவுத்தரம்' என்று ஒன்று இருக்கிறது. உதாரணச் செய்யுள் நான்கு சின்னக் கேள்விகளை அடுக்குகிறது. பூமகள் யார்? திரு. போகிறவனை அனுப்புகிறவன் என்ன சொல்வான்? ஏகு. சரத்துக்கு வேறு பெயர்? அம்பு. அழகின் பெயர்? அம். இவற்றைச் சேர்த்தால் பிறைசூடிய பெருமான் குடியிருக்கும் ஊர்: திருவேகம்பம்! துண்டு துண்டாகக் குறிப்பு, கடைசியில் முழு விடைக்கு நேர்ப்பொருள். அப்படியே நம் ஆள். 12ஆம் நூற்றாண்டு நூல் என்கிறார்கள். மேலிருந்துகீழ் அம்மா கவனிக்க: திரு, ஏகு சேரும்போது நடுவில் வரும் வகரத்துக்கு அங்கே யாரும் தனிக் கேள்வி வைக்கவில்லை.

எழுத்தைக் குறைத்துக்கொண்டே போகும் அக்கரச் சுதகம், ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை ஒளிக்கும் கரந்துறைச் செய்யுள், எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்று எல்லாம் அதே பட்டியலில். சம்பந்தர் தேவாரத்தில் மாலைமாற்றாகவே ஒரு பதிகம் இருக்கிறது. கறுப்புவெள்ளைக் கட்டம் மட்டும்தான் நம்மிடம் இல்லை. அது 1913இல் நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் ஆர்தர் வின் போட்டபிறகு வந்தது.

மேலிருந்துகீழ்:

வகரம்! இதை அப்படியே என் தோழிக்கு அனுப்புகிறேன்.

கறுப்புக்கட்டம்:

அது உடம்படுமெய், இது வலி மிகுதல். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

ஒற்றெழுத்து:

இத்தனை நாள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். என் அனுபவம் வேறு மாதிரி. விளக்கிச் சொன்னால் சிலருக்குப் பிடிப்பதில்லை. "முதல் எழுத்தைக் கொய்தாலும் தலை மிஞ்சும் நீர்விலங்கு (3)" என்று என் தம்பி பெண்ணிடம் கேட்டேன். முதலை என்றாள். முதலெழுத்து போனால் 'தலை' மிச்சம் என்று நான் ஆரம்பிப்பதற்குள், "தெரியும் பெரியம்மா, அதனாலதானே சொன்னேன்" என்று கோபித்துக்கொண்டாள். அதிலிருந்து யாராவது விளக்கம் கேட்டால் மட்டும்தான் வாயைத் திறக்கிறேன்.

சரி, நானே கட்டியது ஒன்று. சுலபம்தான், புதியவர்களுக்கு விட்டுவையுங்கள். விடையை மட்டும் எழுதினால் கறுப்புக்கட்டம் சார் சும்மா விடமாட்டார், பிரித்தும் காட்டுங்கள்:

தீபாவளிக்குச் செய்ததில் அநேகம் உறைப்பு (5)