தீபாவளி அன்றும் ஈ பொறுக்கினேன்: பழ ஈ அனுபவம் உள்ளவர்கள் வாங்க

தோ பாயோ வாசி:
பாலிடெக்னிக் படிக்கும்போது ஆறு மாதம் ஓர் ஆய்வகத்தில் பயிற்சி. புற்றுநோய் ஆராய்ச்சி என்றதும் வீட்டில் ஒரே பெருமை. போய்ப் பார்த்தால், பழ ஈயில் ஆண் பெண் பிரிக்கிற வேலை! கார்பன் டை ஆக்சைடு கசியும் பலகையில் மயங்கிக் கிடப்பதை நுண்ணோக்கியில் பார்த்தபடி, பெயின்ட் பிரஷால் ஒதுக்கவேண்டும். நாம் தேர்ந்தெடுத்த ஆணோடு சேர்த்துக் குஞ்சு பொரிக்கவைக்க, அதுவரை இணைசேராத பெண் ஈதான் ஆகும். வெளிறிய உடம்பு, வயிற்றில் ஒரு கரும்புள்ளி, அதுதான் அடையாளம். 25 டிகிரியில் கூட்டைவிட்டு வந்த எட்டு மணி நேரத்துக்குள் பிடித்துவிட வேண்டும். ஈக்குப் பொது விடுமுறை ஏது? தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, புது ஜிப்பாவோடு போய்ப் பொறுக்கினேன்.

முதல் வாரமே சொதப்பல். மயங்கிய ஈக்களைக் குப்பியில் போட்டு நிமிர்த்தி வைத்துவிட்டேன். அடியிலிருந்த சோளமாவுக் கூழில் இறக்கை ஒட்டி அத்தனையும் செத்தன. விழிக்கும்வரை குப்பியைப் படுக்கவைக்க வேண்டுமாம்.

மறக்கமுடியாதது ஒரு புழு. கூடப் பிறந்ததெல்லாம் சுவரேறிக் கூடு கட்டிய பிறகும், அது கூழிலேயே நெளிந்து நாளுக்கு நாள் ஊதியது. ஆய்வக அக்கா ஒருவர் அறுத்துக் காட்டினார்: மூளை முழுக்கக் கட்டி. ‘லீத்தல் ஜயன்ட் லார்வே’ என்கிற ஒரே ஒரு மரபணு பழுதானதால் வந்த வினை. செல்களை அடக்கிவைக்கும் மரபணு அது. அதன் சொந்தம் நம் உடம்பிலும் உண்டு.

“ஈக்கெல்லாமா புற்றுநோய் வரும்?” என்று சிரித்த அம்மாவிடம், மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஏறக்குறைய 75 விழுக்காட்டுக்கு ஈயிடம் ஜோடி இருக்கிறது என்றேன். “சரி, சாமி மாடத்து வாழைப்பழத்தை உன் ஆளுங்க மொய்க்கிறாங்க, கூட்டிட்டுப் போ” என்றார்.

ஈசூன் நர்ஸ்:
நான் ஈ வளர்த்ததில்லை, மாத்திரை வழியாகத்தான் பழக்கம். தோல் புற்றுக்கு விஸ்மோடெகிப் என்ற மருந்து எடுத்த ஒரு பெரியவருக்கு விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. செல்களுக்குள் கட்டளை கடத்தும் ‘ஹெட்ஜ்ஹாக்’ (முள்ளெலி) என்ற பாதையைத் தடுக்கும் மருந்தாம். முள்ளெலிக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று தேடினால், அங்கேயும் ஈ! ஹெட்ஜ்ஹாக் மரபணு கெட்ட ஈப் புழுவின் உடம்பெல்லாம் முள்ளாம், அதனால்தான் அந்தப் பெயர். நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட், வீஷௌஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 1980இல் எழுதியது, 1995இல் நோபல். அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது 2012இல்தான். பெரியவரிடம் சொன்னேன், “அந்தச் சனியனையா இத்தனை நாள் அடித்தேன்?” என்றார்.

தேக்கா பையன்:
அது இருக்கட்டும், ஜிப்பா என்னாச்சு?

தோ பாயோ வாசி:
மூன்று தடவை துவைத்தும் ஈஸ்ட் வாடை போகலை. அம்மா அதைத் தனி வாளியில்தான் ஊறவைப்பார்.