கத்திரி வெயில்: கடல்நீர்த் தொட்டி 32 டிகிரியைத் தொடுகிறது, எப்படி இறக்குவது?

உப்புக்காற்று:

வணக்கம். வீடு சென்னையில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள தளம். தொட்டி 3 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரம். சம்ப்பையும் (கீழே உள்ள துணைத் தொட்டி) சேர்த்து, கல்லும் மணலும் போக, சுமார் 200 லிட்டர் தண்ணீர். சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் 55 வாட், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் 18, தண்ணீரில் ஓட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் இரண்டும் சேர்ந்து 20. எல்இடி 120 வாட், காலை 10 முதல் மாலை 6 வரை. மேலே கண்ணாடி மூடி. உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு க்ளீனர் ஷ்ரிம்ப், ஒரு பபிள் டிப் அனிமோன், கொஞ்சம் சோவாந்தஸ் (பவள வகை உயிரி).

காலையில் 29.4, மதியம் 3 மணிக்கு 31.8. அனிமோன் சுருங்கி வெளுக்கிறது. மீன்கள் தண்ணீர் விழும் இடத்திலேயே நின்று செவுளை வேகமாக அடிக்கின்றன. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்கியே ஆக வேண்டுமா, ஃபேன் போதுமா? அறையில் 1 டன் ஏசி உண்டு, இரவில் மட்டும் போடுகிறோம்.

பாறைமீன்:

செலவில்லாத வேலைகளை இன்றே முடித்துவிடுங்கள். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். கோமாளி மீன் துள்ளி வெளியே விழாது, நீராவியும் அடைபடாது. ஹீட்டர் இருந்தால் ப்ளக்கையே கழற்றிவிடுங்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு கோடையிலும் எரிந்துகொண்டிருக்கும் ஹீட்டர்தான் பல தொட்டிகளைச் சமைக்கிறது. விளக்கு நேரத்தை மாலை 5 முதல் இரவு 11 வரை என்று மாற்றி, வெளிச்சத்தையும் 60 சதவீதத்துக்குக் குறையுங்கள். அனிமோன் வெளுப்பதற்குச் சூடும் வெளிச்சமும் சேர்ந்தே காரணம். சூடேறிய நிலையில் அதன் திசுவுக்குள் இருக்கும் பாசி, பலத்த வெளிச்சத்தில் நச்சான ஆக்ஸிஜன் சேர்மங்களை உண்டாக்கும். அதனால்தான் அனிமோன் பாசியை வெளியே தள்ளுகிறது.

மீன் வேகமாக மூச்சு விடுவது ஆக்ஸிஜன் குறைவால். 25 டிகிரி கடல்நீர் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் வரை ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும், 32 டிகிரியில் 6தான். சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடும். வேவ்மேக்கர் ஒன்றை மேல்நோக்கித் திருப்பித் தண்ணீர்ப் பரப்பைக் கலக்குங்கள், தீனியைப் பாதியாக்குங்கள்.

அடுத்தது பம்ப். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பம்ப் இழுக்கும் மின்சாரம் கடைசியில் தண்ணீரில்தான் சூடாக முடியும். உங்களுடையது மொத்தம் 93 வாட், ஒரு நாளைக்கு 2.2 யூனிட். 200 லிட்டரை 1 டிகிரி ஏற்ற 0.23 யூனிட் போதும். சூடு வெளியேற வழியே இல்லாவிட்டால் பம்ப் மட்டுமே ஒரு நாளில் 9 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும். 55 வாட் பம்ப்புக்குப் பதில் அதே அளவு தண்ணீர் தள்ளும் 25 வாட் டிசி பம்ப் போட்டால் நிரந்தரமாக 30 வாட் சூடு மிச்சம்.

ஃபேன் காற்றால் தண்ணீரைக் குளிர்விப்பதில்லை, தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. 1 லிட்டர் ஆவியானால் 0.67 யூனிட் சூடு போகும். உங்கள் பம்ப் சூட்டைச் சமாளிக்க மட்டும் தினம் 3.3 லிட்டர் ஆவியாக வேண்டும். 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு, 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். தண்ணீருக்கு நேர் மேலே நிறுத்தாமல், விளிம்பிலிருந்து சாய்வாகப் பரப்பை உரசிப் போகும்படி பொருத்துங்கள். டேபிள் ஃபேனைத் தொட்டி மேல் சாய்க்கவே வேண்டாம். 230 வோல்ட்டும் உப்புத் தண்ணீரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தொட்டியின் ப்ளக் பாயின்டுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம்.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். 4 லிட்டர் போனால் உப்பு, லிட்டருக்கு 35 கிராம் அளவிலிருந்து ஒரே நாளில் 35.7 ஆகிவிடும். அதனால் ஆர்ஓ-டிஐ தண்ணீரைத்தான் (உப்பும் தாதுக்களும் நீக்கிய சுத்தத் தண்ணீர்) சேர்க்க வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. ஆவியான தண்ணீரைத் தானாக ஈடுகட்டும் ஆட்டோ டாப்-அப்பில் சுண்ணாம்பு நீர் கலந்து வைத்திருக்கிறீர்களா? ஆவியாவது இரண்டு மடங்கானால் சுண்ணாம்பும் இரண்டு மடங்கு உள்ளே போய் பிஹெச் எகிறும். ஃபேன் போடும் நாளிலிருந்து வெறும் தண்ணீருக்கு மாறிவிடுங்கள்.

அலைக்கோடு:

பாறைமீன் சொன்ன கணக்கெல்லாம் சரி, ஆனால் சென்னைக்கு ஒரு வரம்பு உண்டு. கோயம்புத்தூரில் ஃபேன் செய்யும் வேலையைக் கடற்கரை ஊரில் எதிர்பார்க்க முடியாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தண்ணீர் சுலபத்தில் ஆவியாகாது.

வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள். சாதாரண தெர்மாமீட்டரின் நுனியில் ஈரப் பஞ்சைச் சுற்றி, அறையில் ஓடும் ஃபேனுக்கு முன் 5 நிமிடம் பிடியுங்கள். எண் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அந்த அறையில் எத்தனை ஃபேன் வைத்தாலும் தண்ணீர் அதற்குக் கீழே போகாது. பம்ப் சூடும் இருப்பதால் அதைவிட ஒன்று, ஒன்றரை டிகிரி மேலேயே நிற்கும். 37 டிகிரி வெயில், 50 சதவீத ஈரப்பதம் என்றால் அந்த எண் 28. கடற்காற்று வந்து 32 டிகிரி, 75 சதவீதம் ஆனாலும் அதே 28தான். உடம்புக்கு இதமாக இருக்கும், தொட்டிக்கு ஒரு லாபமும் இல்லை. ஜன்னலை அடைத்த அறையில் ஃபேன் ஓடினால் ஈரம் அங்கேயே தங்கி எண் இன்னும் ஏறும்.

சில்லர் என்றால் கணக்கு இப்படி: பம்ப் 93 வாட், கண்ணாடி வழியாக 50, 60 வாட், விளக்கிலிருந்து கொஞ்சம். 200 வாட்டைத் தாண்டிவிடும். 1/10 ஹெச்பி சில்லர் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும், 1/4 ஹெச்பி எடுங்கள். உள்ளே டைட்டானியம் காயில் என்று உறுதி செய்த பிறகே பணம் கொடுங்கள். பழைய வாட்டர் கூலரின் செம்புக் காயிலை சம்ப்பில் இறக்கும் யோசனை வேண்டவே வேண்டாம், ஷ்ரிம்ப்பும் அனிமோனும் செம்பைத் தாங்காது. சில்லர் தண்ணீரில் எடுக்கும் சூட்டையும் தன் கம்ப்ரஸர் சூட்டையும் சேர்த்து அறைக்குள்தான் ஊதும். தொட்டி ஸ்டாண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் தன் சூட்டையே தான் இழுத்துத் திணறும். இரு பக்கமும் ஓர் அடி இடம் விடுங்கள், கண்டன்ஸர் தூசியை மாதம் ஒரு முறை தட்டுங்கள்.

இருக்கும் ஏசியைப் பகலுக்கு மாற்ற முடிந்தால் சில்லர் தேவைப்படாது என்பது என் கருத்து. 27 டிகிரியில் வைத்தாலே ஈரப்பதம் குறைந்து, அந்த ஈரப் பஞ்சு எண் 21 பக்கம் வந்துவிடும். அப்போது அதே இரண்டு ஃபேன்கள் வேறு மாதிரி வேலை செய்யும். 25க்குக் கீழேகூடப் போகலாம், ஆகவே தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஃபேனைப் போட்டு நிறுத்தும் கன்ட்ரோலர் கட்டாயம். எஸ்டிசி-1000 போதும்: எஃப்1ல் 27.0, எஃப்2ல் 0.5. தண்ணீர் 27.5ல் ஃபேன் ஓடும், 27ல் நிற்கும்.

உப்புக்காற்று:

நன்றி. மூடியை எடுத்தாயிற்று, ஹீட்டரையும் கழற்றியாயிற்று. பஞ்சு சோதனையில் 27.8 காட்டியது. அப்படியானால் மதியம் 12 முதல் 5 வரை ஏசி, கூடவே ஃபேன் என்று வைத்துக்கொள்கிறேன். மதியம் கரன்ட் போனால் என்ன செய்வது? ஐஸ் போடலாமா?

பாறைமீன்:

போடலாம், அவசரத்துக்கு மட்டும். 1 லிட்டர் பாட்டிலில் கழுத்துக்கு இரண்டு விரல் இடம் விட்டுத் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, வெளிப்புறத்தைச் சோப்பில்லாமல் கழுவி ஃப்ரீஸரில் வையுங்கள். ஒரு பாட்டில் முழுதும் உருகினால் 200 லிட்டர் அரை டிகிரி இறங்கும். மணிக்கு ஒன்று என்பது பாதுகாப்பான வேகம். சம்ப்பில்தான் போட வேண்டும், ரிட்டர்ன் பம்ப்பாவது இன்வெர்ட்டரில் ஓடினால்தான் அந்தக் குளிர்ச்சி மேலே தொட்டிக்கு வரும். ஐஸ் கட்டியை நேரடியாகப் போட்டால் உப்பு குறைந்துவிடும்.

ஐஸைவிட முக்கியம் பேட்டரி ஏர் பம்ப். ஓட்டம் நின்ற சூடான தண்ணீரில் மீன் முதலில் மூச்சுக்குத்தான் திணறும்.

அலைக்கோடு:

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. சூட்டில் நொந்த அனிமோன் பிடியை விட்டு ஊர்ந்து போகும். வேவ்மேக்கர் வாயில் மாட்டினால் அரைபட்டு, மொத்தத் தொட்டியும் கெட்டுவிடும். இன்றைக்கே வேவ்மேக்கர் வாயைச் சுற்றி ஸ்பான்ஜ் கட்டுங்கள். அனிமோன் வெளுத்திருந்தாலும் அதன் வாய் இறுக மூடி, தொட்டால் ஒட்டுகிறது என்றால் பிழைக்கும். வாரம் இரண்டு முறை பட்டாணி அளவு இறால் துண்டு கொடுங்கள். வாய் திறந்து தொங்கினால் தீனி வேண்டாம்.

இன்னொன்று, 25 டிகிரியைத் துரத்த வேண்டாம். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் பவளம் வெளுத்தது கோடைத் தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாகி வாரக்கணக்கில் அப்படியே நின்றதால். உங்கள் தொட்டி நாள் முழுதும் 27.5ல் நிலையாக இருந்தால் போதும். பகலில் 26, ஏசி நின்றதும் 30 என்று ஆடுவது அதைவிட மோசம். 5 மணிக்கு ஏசியை நிறுத்தினாலும் ஃபேன் கன்ட்ரோலரிலேயே இருக்கட்டும். மாலை 7 மணி அளவைத் தனியாக ஒரு வாரம் குறித்து வையுங்கள். அந்த நேரத்தில் 28.5ஐத் தாண்டினால் விளக்கை 8 மணிக்குத் தள்ளுங்கள்.