எம்டிடி பிளேட்டில் ஏமாற்றிய எக்ஸ்ட்ராக்ட் எது?

ஊதா வெல்:

எம்டிடி ஒரு மஞ்சள் உப்பு. பிளேட்டின் குழியில் (வெல்) உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும், ஊதா அடர்ந்தால் உயிர் அதிகம் என்று கணக்கு. என் கதை: நெல்லிக்காய், மெத்தனால் எக்ஸ்ட்ராக்ட், ஹீலா (கருப்பைவாய்ப் புற்று செல்), 48 மணி நேரம். டோஸ் ஏற ஏற ஊதா வெளுக்க வேண்டிய இடத்தில், 400 மைக்ரோகிராம் வெல் எக்ஸ்ட்ராக்ட் போடாத கன்ட்ரோலை விடக் கறுத்து நின்றது. ரீடர் சொல்வது: செல் உயிர்ப்பு 130 சதவீதம். அதே வெல்லை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் தரையில் ஒட்டியிருக்கும் செல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், மிச்சமெல்லாம் உருண்டு மிதக்கின்றன. செத்த வெல்லுக்குத்தான் அதிக மார்க்!

துப்பு நேரத்தில் இருந்தது. எம்டிடி போட்ட பத்தாவது நிமிடமே ஊதா தட்டிவிட்டது. செல் அந்த மஞ்சள் உப்பை ஒடுக்கி ஊதா ஃபார்மசானாகச் சேர்க்க மூன்று நான்கு மணி நேரம் கொடுப்பது வழக்கம். அவசரப்பட்டது செல் இல்லை, நெல்லிக்காயின் டானினும் கேலிக் அமிலமும் வைட்டமின் சியும். இவை செல்லே இல்லாமல் எம்டிடியை நேரடியாக ஒடுக்கி ஊதாவாக்கும்.

அதனால் ஒவ்வொரு டோஸுக்கும் செல் போடாத வெல் மூன்று கட்டாயம்: மீடியா (செல் வளர்க்கும் திரவம்), எக்ஸ்ட்ராக்ட், எம்டிடி மட்டும். அதில் ஊதா வந்தால் எக்ஸ்ட்ராக்ட் மீடியாவை உறிஞ்சி எடுத்து, பிபிஎஸ் உப்புக் கரைசலில் இரண்டு முறை கழுவி, சீரம் இல்லாத புது மீடியாவில் எம்டிடி போடுங்கள். ஸ்டாக் 5 மில்லிகிராம்/மில்லி, 100 மைக்ரோலிட்டர் வெல்லுக்கு 10 மைக்ரோலிட்டர். உங்களை ஏமாற்றிய செடி எது?

செல்லம்மா:

செங்காந்தள் கிழங்கு, அதாவது கண்வலிக் கிழங்கு. மேலே எழுதியவர் சொன்ன கழுவல்தான் இங்கே வில்லன்.

கண்வலிக் கிழங்கில் கோல்சிசின் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். அது செல் பிரியத் தேவையான டியூபுலின் புரதத்தைப் பிடித்து, பிரியப் போன செல்லை நடுவழியில் நிறுத்தும். 18 மணி நேரத்தில் பிளேட்டைப் பார்த்தால், பரந்து படுத்திருந்த செல்களில் பெரும்பகுதி உருண்டு, ஓரத்தில் ஒளி வளையத்தோடு ஜவ்வரிசி மாதிரி உட்கார்ந்திருக்கும். அவை சாகவில்லை, பிரிய முடியாமல் நிற்கின்றன. ஆனால் பிடி தளர்ந்துவிட்டதால் ஒரு பிபிஎஸ் கழுவலில் பாதி கழன்று வேஸ்ட் பாட்டிலுக்குப் போய்விடும். கழுவினால் 'அபார நச்சுத்தன்மை', கழுவாவிட்டால் 24 மணி நேரத்தில் உயிர்ப்பு 50 சதவீதத்துக்குக் கீழே இறங்க மறுக்கும், டோஸைப் பத்து மடங்கு ஏற்றினாலும். நின்றுபோன செல்லும் எம்டிடியை ஊதாவாக்கிக்கொண்டுதான் இருக்கும். ஒரே எக்ஸ்ட்ராக்டுக்கு இரண்டு ஐசி50 (உயிர்ப்பைப் பாதியாக்கும் டோஸ்), இரண்டும் தப்பு.

கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் பிளேட்டை 300 ஜியில் 5 நிமிடம் சுற்றுங்கள். பிறகு பிப்பெட் முனையை வெல் சுவரில் சாய்த்து மெதுவாக எடுங்கள். 24 மணி நேரத்தோடு நிறுத்தாமல் 72 வரை பாருங்கள்.

ஐஸ் பக்கெட்:

இரண்டு பேருக்கும் ஒரே பதில்: எம்டிடியை விட்டு எஸ்ஆர்பிக்கு (சல்ஃபோரோடமைன் பி, புரதத்தில் ஒட்டும் சாயம்) வாருங்கள். யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். கழுவலாமா வேண்டாமா என்ற பஞ்சாயத்தே அங்கே கிடையாது, ஏனென்றால் செல்லை முதலிலேயே தரையோடு அறைந்துவிடுகிறோம்.

100 மைக்ரோலிட்டர் மீடியா இருக்கும் வெல்லில், மீடியாவை எடுக்காமலே, ஐஸில் வைத்த 50 சதவீத டிசிஏ (டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம்) 25 மைக்ரோலிட்டர். கடைசி அளவு 10 சதவீதம் வரும். நடு வெல்லில் பீய்ச்சாதீர்கள், செல் வட்டமாக உரிந்து நடுவே வழுக்கை விழும். சுவரோடு விட்டு, 4 டிகிரியில் ஒரு மணி நேரம். குழாய்த் தண்ணீரில் ஐந்து முறை அலசிக் கவிழ்த்துக் காயவிடுங்கள். 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்த 0.4 சதவீத எஸ்ஆர்பி, 30 நிமிடம். ஒட்டாத சாயத்தை அதே 1 சதவீத அமிலத்தில் அலச வேண்டும். இங்கே தண்ணீரை ஊற்றினால் ஒட்டிய சாயமும் கரைந்து போகும், பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். காய்ந்ததும் சாயத்தை 10 மில்லிமோலார் டிரிஸ் கரைசலில் கரைத்து, 510 நானோமீட்டரில் படியுங்கள். காய்ந்த பிளேட்டை அடுத்த வாரம்கூடப் படிக்கலாம்.

1990இல் ஸ்கீஹனும் சகாக்களும் வெளியிட்ட முறை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் 60 செல்வகைச் சோதனை பல பத்தாண்டுகள் இதில்தான் ஓடியது. எஸ்ஆர்பி புரதத்தை அளக்கிறது, எம்டிடியை ஒடுக்கும் நெல்லிக்காய்க்கு இங்கே வேலை இல்லை. குறை ஒன்று உண்டு: செத்தும் கழன்று போகாத செல்லையும் சேர்த்தே எண்ணும். அதனால் டோஸ் போடும் நேரத்தில் ஒரு பிளேட்டை டிசிஏவில் நிறுத்தி 'டைம் ஜீரோ' வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால்தான் கொன்றது, மேலே நின்றால் வளர்ச்சியை மட்டும் தடுத்தது.

சிரிஞ்ச்:

சின்ன விஷயம். எக்ஸ்ட்ராக்டை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த ஸ்டாக்கை 0.22 மைக்ரான் ஃபில்டரில் தள்ளும்போது வழக்கமான எதிர்ப்பே இல்லாமல் பிஸ்டன் சரக்கென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். செல்லுலோஸ் அசிடேட் சவ்வு கரைந்துவிட்டது. அந்த ஸ்டாக் மீடியாவில் விழுந்ததும் வெள்ளை நூல் நூலாகத் திரியும், அதை 'எக்ஸ்ட்ராக்ட் வீழ்படிவு' என்று எழுதி வைப்பார்கள். நைலான் அல்லது நீரேற்கும் பிடிஎஃப்இ வாங்குங்கள். வெல்லில் டிஎம்எஸ்ஓ 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, எக்ஸ்ட்ராக்ட் இல்லாத வெஹிகிள் கன்ட்ரோலிலும் அதே அளவு இருக்க வேண்டும்.

பாசேஜ் 12:

கிரீன் டீ. ஒரே ஸ்டாக், ஒரே எம்சிஎஃப்-7 (மார்பகப் புற்று செல்), ஒரே நாளில் போட்ட இரண்டு பிளேட். ஒன்றில் 100 மைக்ரோகிராமில் சுத்தமாகக் காலி, மற்றதில் ஒரு கீறல் இல்லை. எண்ணிப் போட்ட செல், டிஎம்எஸ்ஓ, மைக்கோபிளாஸ்மா தொற்று என்று எல்லாவற்றையும் சந்தேகித்த பிறகு, வித்தியாசம் டிஎம்இஎம் மீடியா பாட்டில் லேபிளில் இருந்தது: ஒன்றில் சோடியம் பைருவேட் உண்டு, மற்றதில் இல்லை.

கிரீன் டீயின் ஈஜிசிஜி என்ற பாலிஃபீனால் மீடியாவிலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடைக் கக்கும். கேலிக் அமிலமும் அப்படித்தான். செல்லைக் கொன்றது தேயிலை இல்லை, மீடியாவில் ஊறிய பெராக்சைடு. பைருவேட் அதை உடனே விழுங்கிவிடும். உடம்பில் மீடியா ஓடுவதில்லை, ஆக இந்தக் கொலைக்கும் மருந்துக்கும் சம்பந்தம் குறைவு. சோதிக்க எளிது: பக்கத்து வரிசையில் பெராக்சைடை உடைக்கும் கேடலேஸ் என்ஸைம் 100 யூனிட்/மில்லி சேர்த்துப் பாருங்கள். செல் பிழைத்துவிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

பாலிஃபீனால் நிறைந்த எந்தச் செடிக்கும், ஊதா வெல் எழுதிய நெல்லிக்காய்க்கும் சேர்த்தே, இதைச் செய்யுங்கள். எஸ்ஆர்பிக்கு மாறினால் இது போகாது, ஐஸ் பக்கெட் சார். அங்கே செல் நிஜமாகவே செத்திருக்கும்.

நுரை:

பூந்திக்கொட்டை. போட்டு ஒரு மணி நேரத்தில் ஹீலா, ஏ549 (நுரையீரல் புற்று செல்), வீரோ (குரங்குச் சிறுநீரக செல்) எல்லாம் ஒன்றாகப் போயின. மூன்று செல்லுக்கும் கிட்டத்தட்ட ஒரே ஐசி50, வளைவோ படிக்கட்டு மாதிரி: ஒரு டோஸ் வரை நூறு, அடுத்ததில் பூஜ்யம். சவ்வு உடைந்த செல்லில் மட்டும் ஏறும் டிரிப்பான் ப்ளூ போட்டால் எல்லாம் நீலம். சாப்போனின் சவ்வை ஓட்டை போடுகிறது, அவ்வளவுதான். பாத்திரம் கழுவும் சோப்பும் இதையே செய்யும்.

பெரிய பிளேட் போடுவதற்கு முன் சிவப்பணுச் சோதனை செய்துவிடுங்கள். கழுவிய ரத்தச் சிவப்பணு பிபிஎஸ்ஸில் 2 சதவீதம், எக்ஸ்ட்ராக்டோடு 37 டிகிரியில் ஒரு மணி நேரம், சுற்றிவிட்டு மேல்நீரை 540இல் படிக்க வேண்டும். 1 சதவீத டிரைட்டன் என்ற சோப்பு உடைப்பதுதான் நூறு சதவீதம். சிவப்பணு உடைந்தால் 'புற்றுநோய்க்கு எதிரானது' என்ற வார்த்தையைக் கொஞ்ச நாள் பூட்டி வையுங்கள்.

மூலை வெல்:

எல்லோரும் செடியைக் குறை சொல்கிறீர்கள், செல்லைக் கேட்டீர்களா? 'வாய்ப்புற்று செல் கேபி, நார்மல் கல்லீரல் செல் சாங் லிவர், செலக்டிவிட்டி இண்டெக்ஸ் 6' என்று ஒரு அட்டவணை, அதாவது நார்மல் செல்லின் ஐசி50 புற்று செல்லினுடையதைப் போல ஆறு மடங்காம். கேபியும் ஹீலாதான், சாங் லிவரும் ஹீலாதான். ஸ்டான்லி கார்ட்லர் 1960களிலேயே ஜி6பிடி என்ஸைம் வகையை வைத்து இந்தக் கலப்பைக் காட்டிவிட்டார். ஹீலாவை ஹீலாவோடு மோதவிட்டு ஆறு மடங்கு வித்தியாசம் வந்தால் அது உங்கள் பிப்பெட்டின் வித்தியாசம். எஸ்டிஆர் (டிஎன்ஏ அடையாள) சோதனை இல்லாமல் எந்தச் செல்லையும் நம்பாதீர்கள்.

கடையில் வாங்கும் கீழாநெல்லிக் கட்டில் இரண்டு மூன்று இனம் கலந்திருக்கும். பூவோடு பறித்து, அழுத்தி, ஹெர்பேரியத்தில் வவுச்சர் எண் வாங்குங்கள். ரோட்டரி எவாப்பரேட்டரில் எடுத்ததோடு விடாமல் எடை மாறாத வரை வேக்குவத்தில் காயவையுங்கள், மிச்ச மெத்தனால் உங்கள் மில்லிகிராமைப் பொய்யாக்கும். வெளி வரிசை 36 வெல்லில் பிபிஎஸ் ஊற்றிவிடுங்கள், ஆவியாகி டோஸ் ஏறும். நடுவில் 60 போதும். செல் போட்டதும் நேரே இன்குபேட்டருக்குள் தள்ளாமல் அரை மணி நேரம் வெளியில் சமதளத்தில் வையுங்கள், சீராகப் படியும். கச்சா எக்ஸ்ட்ராக்ட் 30 மைக்ரோகிராமுக்கு மேலே என்றால்...

செல்லம்மா:

மூலை வெல் அண்ணா, கேட்டது எந்தச் செடி ஏமாற்றியது என்று. பாடத்திட்டம் கேட்கவில்லை :) ஆனால் சாங் லிவர் விஷயம் உண்மை, இன்னும் 'நார்மல்' என்றே அச்சாகிறது.

ஒன்று சேர்க்கிறேன். நித்தியகல்யாணி இலையைச் சர்க்கரை நோய்க்கென்றுதான் நோபிளும் பியரும் கனடாவில் எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணு இறங்கியது. 1958இல் வின்பிளாஸ்டின் வந்தது அந்த வழியில். வின்பிளாஸ்டினும் டியூபுலினைத்தான் பிடிக்கிறது. ஆக 24 மணி நேர எம்டிடியில் அதுவும் என் செங்காந்தள் மாதிரி பாதியில் நின்றுகொள்ளும்.

ஊதா வெல்:

நெல்லிக்காய்க்குக் கேடலேஸ் வரிசை சேர்த்து, எஸ்ஆர்பியில் போட்டாயிற்று. 400இல் செத்த செல், கேடலேஸோடு 400இல் தரையோடு ஒட்டிப் படுத்திருக்கிறது.