‘லெஸ்-லீத்தல் வெப்பன்’ தமிழில் என்ன? (அவசரம்)

கூடலூர் மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். போலீஸ் ‘லெஸ்-லீத்தல்’ (உயிர்போகும் ஆபத்து குறைவான) ஆயுதங்களைப் பயன்படுத்துவது பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலை, ஊர்க்கூட்டத்தில் வாசிக்கிற மாதிரி சுருக்கிக்கொண்டிருக்கிறேன். லத்தி, கண்ணீர்ப்புகை, ரப்பர் குண்டு, டேசர் (மின்அதிர்ச்சி கொடுக்கும் துப்பாக்கி) எல்லாவற்றுக்கும் பொதுவாக வரும் பெயர் இடிக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

கோத்தகிரி தமிழாசிரியர்:
‘கொல்லாப்படை’. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், புணர்ச்சியும் சுத்தம். இதற்குமேல் என்ன தேடல்?

குன்னூர் வழக்கறிஞர்:
ஐயா, இலக்கணம் சுத்தம்தான், சிக்கலும் அதுவே. ‘கொல்லா’ என்றால் முக்காலத்திலும் கொல்லாது. வட அயர்லாந்தில் 1970-இல் வந்த ரப்பர் குண்டும் பின்னால் வந்த பிளாஸ்டிக் குண்டும் 17 பேரைக் கொன்றன. 2016-இல் காஷ்மீரில் பெல்லட் என்கிற சிறு உலோகக் குண்டுகள் எத்தனையோ பேரின் பார்வையைப் பறித்தன. ஆங்கிலத்திலேயே ‘நான்-லீத்தல்’ (கொல்லாத) போய் ‘லெஸ்-லீத்தல்’ வந்தது இதனால்தான். ஒன்றும் ஆகாது என்று போலீஸ் சொல்லி, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கண் போனால், அப்புறம் திருட்டுப் புகார் கொடுக்கக்கூட அந்தத் தெருவில் யார் ஸ்டேஷனுக்குப் போவார்கள்?

கோத்தகிரி தமிழாசிரியர்:
சரி, ‘குறைகொல்லி’.

கொடைக்கானல் பேராசிரியர்:
பூச்சிக்கொல்லி பூச்சியைக் கொல்லும். குறைகொல்லி குறையைக் கொல்லும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸில் வாங்கி வைக்கலாம். விளையாட்டு போகட்டும், ‘கொல்’லை விடாதீர்கள். ‘கொல்லே ஐயம்’, அதாவது ‘கொல்’ என்ற சொல் ஐயத்தைக் காட்டும் என்பது தொல்காப்பியம். ‘அணங்குகொல்’ என்று வள்ளுவர் மயங்குவதும் இந்தக் கொல்தான். ஆக ‘படைகொல்’ என்றால் கொல்லுமோ கொல்லாதோ என்ற ஐயமும் உள்ளேயே இருக்கும். கொல்லன், கொல்லுலை என்று போனால் இரும்புத் தொழிலுக்கே...

கூடலூர் மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, வெள்ளிக்கிழமை!

ஊட்டி ஓய்வுபெற்ற எஸ்.ஐ.:
ஸ்டேஷனில் நாங்கள் லத்தி, கேஸ், வஜ்ரா (கலவரம் அடக்கும் வண்டி) என்றே சொல்வோம், பொதுப்பெயர் கிடையாது. ஒன்று கேட்கிறேன். 2018-இல் தூத்துக்குடியில் 13 பேர் செத்தது துப்பாக்கிச் சூட்டில். லத்திக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் ஏதாவது இருக்க வேண்டாமா? கூட்டத்தைக் கலைக்கத்தானே இதெல்லாம்? ‘விரட்டுகருவி’ என்று வையுங்கள்.

கூடலூர் மொழிபெயர்ப்பாளர்:
எங்கள் ஊரில் விரட்டுவது யானையை. வனத்துறைக்காரர் பட்டாசு வெடிப்பார். அதே சொல்லை மனிதருக்கும் போட்டால் கூட்டத்தில் என்னை விரட்டிவிடுவார்கள்.

கோத்தகிரி தமிழாசிரியர்:
குறள் 562: ‘கடிதோச்சி மெல்ல எறிக’. ஓங்குவது பலமாக, அடிப்பது மெல்ல. ‘மெல்லெறிபடை’. கடைசி முயற்சி.

குன்னூர் வழக்கறிஞர்:
அழகான சொல், ஆனால் ஆயுதத்துக்கு நற்சான்று கொடுக்கிறது. கண்ணீர்ப்புகையைப் போரில் ஆயுதமாக்கக் கூடாது என்கிறது 1993-இன் வேதி ஆயுத உடன்படிக்கை. உள்நாட்டில் கூட்டம் கலைக்க மட்டும் அதே உடன்படிக்கை விட்டுவைத்திருக்கிறது. எதிரிமேல் வீசக் கூடாததை ஊர்க்காரன்மேல் வீசலாமாம். எஸ்.ஐ. ஐயா, நடுவில் ஒன்று இருக்கட்டும். ஆனால் துப்பாக்கியென்றால் எடுக்கப் பத்து முறை யோசிக்கிற கை, சாகமாட்டான் என்று நம்பினால் சட்டென்று நீளும். பெயர் அந்தத் தைரியத்தைக் கொடுக்கக் கூடாது.

கூடலூர் மொழிபெயர்ப்பாளர்:
‘உயிராபத்து குறைந்த ஆயுதம்’ என்று போடட்டுமா? பாட்டிக்கும் புரியும்.

ஊட்டி ஓய்வுபெற்ற எஸ்.ஐ.:
போடுங்கள்.

குன்னூர் வழக்கறிஞர்:
முதலில் வரும் இடத்தில் ‘துப்பாக்கியைவிட’ என்று சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் எதைவிடக் குறைவு என்று கேட்பார்கள்.

கோத்தகிரி தமிழாசிரியர்:
இது பெயரல்ல, விளக்கவுரை. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

கொடைக்கானல் பேராசிரியர்:
ஆயுதமா கருவியா என்று யாருமே பேசவில்லையே? தனி இழை தொடங்குகிறேன்.