1961 இடைத்தேர்தலில் வென்ற டோனி பென்னின் இடம் தோற்றவருக்குப் போனது எப்படி?

கேள்வி:
பிரிட்டனின் தொழிற்கட்சியைச் சேர்ந்த டோனி பென் 1950 முதல் 2001 வரை தொடர்ச்சியாக நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார் என்றே நினைத்திருந்தேன். ஆனால் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியின் பட்டியலில் 1961 முதல் 1963 வரை கன்சர்வேட்டிவ் கட்சியின் மால்கம் செயின்ட் கிளேர் பெயர் இருக்கிறது. அந்த இடைத்தேர்தலில் வென்றவர் பென் அல்லவா?

மறுமொழி 1:
வென்றவர் பென்தான், அதுவும் சுமார் 13,000 வாக்கு வித்தியாசத்தில். சிக்கல் அவருடைய தந்தையின் பரம்பரைப் பிரபுப் பட்டத்தில் இருந்தது. மூத்த மகன் போரில் இறந்துவிட்டதால், 1960 நவம்பரில் தந்தை ஸ்டான்ஸ்கேட் பிரபு காலமானதும் பட்டம் பென்னிடம் தானாகவே வந்து சேர்ந்தது. வேண்டாம் என்று மறுக்க அன்றைய சட்டத்தில் வழியே இல்லை. பிரபுவானவர் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் அமர முடியாது என்பதால் தொகுதி காலியானதாக அறிவிக்கப்பட்டது. 1961 மே மாதத்தில் அதே தொகுதியில் மீண்டும் நின்று வென்று வந்தவரை அவையின் வாசலிலேயே தடுத்து நிறுத்தினார்கள். அவருடைய தகுதியின்மையை அறிந்தே வாக்காளர்கள் வாக்களித்தார்கள், ஆகவே அவ்வாக்குகள் வீணானவை என்று கூறிய தேர்தல் நீதிமன்றம், இடத்தைச் செயின்ட் கிளேருக்கு வழங்கியது.

மறுமொழி 2:
இதன் பின்கதைதான் எனக்குச் சுவையானது. பட்டத்தைத் துறக்க வகைசெய்யும் மசோதா, அடுத்த பொதுத்தேர்தலுக்குப் பிறகே நடைமுறைக்கு வருவதாக இருந்தது. அதை உடனே நடைமுறைப்படுத்தும்படி திருத்தியது மேலவையான பிரபுக்கள் சபையே. 1963 ஜூலை 31 அன்று அது சட்டமானது, அன்று மாலையே பென் தம் பட்டத்தைத் துறந்தார். செயின்ட் கிளேரும், பென் தகுதி பெற்றால் விலகுவதாகச் சொன்ன சொல் தவறாமல், விலகிக்கொண்டார். ஆகஸ்ட் 20 இடைத்தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை. ஆனால் பெரிய பலன் அந்தக் கட்சிக்குத்தான் கிடைத்தது: அக்டோபரில் பிரதமரான ஹியூம் பிரபு, பென் போராடிப் பெற்ற அதே சட்டத்தைக் கொண்டு பட்டத்தைத் துறந்து, இடைத்தேர்தல் வழியாகக் காமன்ஸ் சபைக்கு வந்து சேர்ந்தார்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் இடைவெளி இந்த ஒன்றுதானா?

மறுமொழி 1:
இன்னொன்றும் உண்டு. எல்லை மறுவரையறையில் பழைய தொகுதி மறைந்தபின், 1983 பொதுத்தேர்தலில் பிரிஸ்டல் கிழக்கில் தோற்றார். 1984 மார்ச் 1 அன்று செஸ்டர்ஃபீல்டு இடைத்தேர்தலில் வென்று திரும்பியவர், 2001 வரை அத்தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார்.