‘ஒளிச்சிதைவு’ பொருந்துமா?

அன்புடையீர்,

கண் அறுவையில் லேசர் ஒளியால் திசுவைப் பிரிக்கும் ஃபோட்டோடிஸ்ரப்ஷன் என்பதற்கு முன்மொழியப்பட்டுள்ள ‘ஒளிச்சிதைவு’ என்னும் சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. சிதைவு என்றால் ஒன்று தானே கெட்டழிவது. இங்கோ அறுவை மருத்துவர் மைக்ரான் கணக்கில் அளந்து, வேண்டுமென்றே திசுவைப் பிரிக்கிறார். மேலும் ஒளிச்சிதறல், ஒளிவிலகல் ஆகியவற்றில் சிதறுவதும் விலகுவதும் ஒளியே என்பதால், இங்கும் ஒளிதான் சிதைகிறது என்று படிப்பவர் கொள்ள இடமுண்டு.

மிக மிகக் குறுகிய துடிப்புகளாகப் பாயும் ஃபெம்டோநொடி லேசரின் அகச்சிவப்புக் கதிர், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள விழிவெண்படலத்தின் (கார்னியாவின்) மேற்பரப்பைக் குலைக்காமல் ஊடுருவி, குறித்த ஆழத்தில் குவிகிறது. அந்தப் புள்ளியில் மட்டும் திசு பிளாஸ்மா எனும் மின்னூட்ட வளிமமாகி, நுண்குமிழ் ஒன்று எழுந்து, சுற்றியுள்ள இழைகளை விலக்குகிறது. இத்தகைய குமிழ்கள் அருகருகே வரிசையாக எழுந்த பிறகும் இடையிடையே சில இழைகள் அறாமல் நிற்கும். மருத்துவர் மழுங்கிய கருவியை நுழைத்து அவற்றை விடுவித்த பின்னரே மடல் எனப்படும் மேலடுக்கு மேலெழும். ஆப்பு இறங்கிய விறகில் ஒட்டிநிற்கும் நார்களைக் கையால் பிரிப்பதை இது ஒத்திருப்பதால், ‘பிளப்பு’ என்பதே என் தேர்வு.

கண் அறுவையில் பயன்படும் மற்றொரு லேசரான எக்சைமரின் வேலை வேறு. அதன் 193 நானோமீட்டர் புறஊதாக் கதிர் மேற்பரப்பிலேயே உட்கவரப்பட்டு, துடிப்பொன்றுக்குக் கால் மைக்ரான் அளவில் திசுவைச் சீவி எடுக்கிறது. அதைச் ‘செதுக்கல்’ எனலாம். பார்வைக் குறையைத் திருத்த ஃபெம்டோநொடி லேசரால் மடல் அமைக்கும் லாசிக் முறையில் இரண்டும் உண்டு. மடலின்றி, உள்ளே பிரித்த துண்டைச் சிறு கீறல் வழியே எடுக்கும் ஸ்மைல் முறையில் பிளப்பு மட்டுமே. பிளப்பு, செதுக்கல் இரண்டையும் ‘லேசர் வெட்டு’ என்று எழுதிவிட்டால் இந்த வேறுபாடே மறைந்துபோகும்.

‘ஒளிப்பிளப்பு’ சுருக்கமானதுதான், ஆனால் பிளவுபடுவது ஒளியா என்ற ஐயம் மறுபடி வரும். ஆகவே ‘ஒளிவழிப் பிளப்பு’, ‘ஒளிவழிச் செதுக்கல்’ என்பவற்றை முன்வைக்கிறேன். ஒளிச்சேர்க்கையில் சேர்வது ஒளியா என்று கேட்கலாம். அது பள்ளிப் பாடத்தில் பழகிய சொல், புதிய சொல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஃபெம்டோவை மாற்ற வேண்டாம். ‘நுண்நொடி’ என்றால் மைக்ரோநொடியோடு குழம்பும். இரண்டுக்கும் இடையே 100 கோடி மடங்கு வேறுபாடு. காதுமடல் போல ஒருபுறம் ஒட்டியிருப்பதால் ‘மடல்’ இருக்கட்டும். ஸ்மைல் முறையில் வெளியே எடுக்கும் துண்டுக்குத்தான் எனக்குச் சொல் அகப்படவில்லை: ‘வில்லைத்துண்டு’ என்றால் கண்ணின் இயற்கை வில்லையையே அறுத்தெடுப்பதாக நோயாளி அஞ்சக்கூடும். வேறு சொல் தோன்றினால் தெரிவியுங்கள்.